ஓஆர்எஸ் பாக்கெட்டில் இருக்கும் 245: நாமே எண்ணிப் பார்ப்போம்

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட், வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கலந்து குடிப்போமே, அந்த உப்பு-சர்க்கரைத் தூள். பின்பக்கத்தைக் கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. கீழே, ஆஸ்மோலாரிட்டி 245, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் கரைந்திருக்கும் துகள்களின் மொத்த எண்ணிக்கை, மில்லிமோல் கணக்கில். இந்த 245 எப்படி வந்தது? பிளஸ் டூ வேதியியல் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

குளுக்கோஸ் சுலபம். 13.5 கிராமை அதன் மோலார் நிறையான 180ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். அது தண்ணீரில் கரையுமே தவிர அயனியாகப் பிரியாது. ஆகவே துகளும் 75தான்.

உப்பு பிரியும். 2.6 கிராம் என்பது 44, 45 மில்லிமோல் வரும். 45 என்று வைத்துக்கொள்வோம். சோடியம் தனி, குளோரைடு தனி, ஆக 90. பொட்டாசியம் குளோரைடு 20 மில்லிமோல், அதுவும் இரண்டாகப் பிரிந்து 40.

அடுத்தது சிட்ரேட். தேர்வில் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. வாய்பாட்டில் 3 சோடியம், 6 கார்பன், 5 ஹைட்ரஜன், 7 ஆக்சிஜன் இருக்கிறதே என்று எல்லா அணுக்களையும் கூட்டி 21 என்று எழுதிவிடுவார்கள். அப்படி எண்ணக் கூடாது. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பில் இருக்கின்றன. தண்ணீர் அதை அறுக்காது, சிட்ரேட் ஒரே அயனியாகவே மிதக்கும். பிரிந்து போவது மூன்று சோடியம் மட்டும். 3 கூட்டல் 1, மொத்தம் 4. பாக்கெட்டில் இருப்பது 10 மில்லிமோல், அதனால் 40.

சரி, கூட்டுங்கள். 75, 90, 40, 40. மொத்தம் 245! எனக்கு இது ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தரும் கணக்கு.

நுணுக்கமாகப் பார்த்தால் எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் உப்பின் வாண்ட் ஹாஃப் காரணி, அதாவது ஒன்று எத்தனை துகளாகப் பிரிகிறது என்ற எண், 2க்குச் சற்றுக் குறையும். இவ்வளவு நீர்த்த கரைசலில் முழு எண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள்.

சவ்வூடு பரவலுக்கு, அதாவது சவ்வு வழியாகத் தண்ணீர் துகள் அதிகமுள்ள பக்கம் நகர்வதற்கு, எந்தத் துகள் என்பது முக்கியமில்லை, எத்தனை என்பதுதான் கணக்கு. நம் ரத்தத்தில் அது 290ஐ ஒட்டி இருக்கும். பழைய ஓஆர்எஸ்ஸில் 311. உப்பையும் குளுக்கோஸையும் குறைத்து 245ஆக்கிய கலவையை 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைத்தன. வயிற்றுப்போக்கின் அளவும் வாந்தியும் அதனால் குறைந்தன.

இதே பாக்கெட்டை அரை லிட்டரில் கலக்கினால் 490. குடலில் இருக்கும் கரைசல் ரத்தத்தைவிட அடர்த்தியாகி, உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும். குழந்தைக்குக் கொடுக்கும்போது தயவுசெய்து 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்று நினைக்காதீர்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் உண்டு. எதை வாங்கினாலும் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள்.