பொகோட்டா போனது துரோகமா, உரிமையா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

1950ஆம் ஆண்டு, கால்பந்து உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு, இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப், அதாவது தற்காப்பின் நடுவில் நிற்கும் நீல் ஃபிராங்கிளின் தன் கிளப் ஸ்டோக் சிட்டியை விட்டுவிட்டு, கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து சாண்டா ஃபே அணிக்கு ஆடப் போனார். அது துரோகமா, உரிமையா என்பதுதான் இன்றைய தலைப்பு. உரிமைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

முதலில் அந்த மனிதர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்று சொல்லிவிடுகிறேன். எதிரணி அதைச் சொல்லாமலே தண்டனைக்குப் போய்விட்டது. 1925இல் ஆஃப்சைடு விதி தாக்குபவர்களுக்குச் சாதகமாக மாறிய பிறகு சென்டர் ஹாஃப் என்றால் ஒரு தடுப்புச் சுவர் என்றாகிவிட்டது. பந்து வந்தால் தலையால் முட்டு, இல்லை காலால் ஓங்கி உதை, எங்கே போய் விழுந்தால் என்ன! ஃபிராங்கிளின் அப்படி ஆடவில்லை. எதிரணி முன்கள வீரர் மூச்சு படுகிற தூரத்தில் நிற்கும்போதே பந்தைக் காலடியில் அடக்கி, நிமிர்ந்து பார்த்து, தன் ஆள் ஒருவருக்குத் தரையோடு தள்ளிவிடுவார். பார்க்கிறவர்களுக்குத்தான் பதற்றம், அவருக்கு இல்லை. போருக்குப் பின் 1946 செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட்டில் இங்கிலாந்து ஆடிய முதல் சர்வதேசப் போட்டியிலிருந்து, 1950 ஏப்ரலில் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தோடு ஆடியது வரை, தொடர்ந்து 27 போட்டிகள். ஒன்றில்கூட அவரை உட்காரவைக்கவில்லை. 1948இல் டூரின் நகரில் இத்தாலியை 4-0 என்று தோற்கடித்த அணிக்கும் அவர்தான் நடுத்தூண்.

சரி, இப்படிப்பட்டவருக்கு என்ன கொடுத்தார்கள்? வாரம் 12 பவுண்டு, கோடையில் 10. அதுதான் உச்சவரம்பு, அதற்கு மேல் ஒரு பென்னி கூடத் தரக்கூடாது என்று லீக்கே விதி போட்டிருந்தது. வருமானம் இல்லாமலா? 1948-49 பருவத்தில் மட்டும் இங்கிலாந்து லீக் ஆட்டங்களைப் பார்க்க 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். அந்தச் சாதனை அதற்குப் பிறகு முறியடிக்கப்படவே இல்லை. அந்தப் பணம் வாசலில் வசூலானது, உள்ளே ஓடியவரின் வீட்டுக்குப் போகவில்லை.

சம்பளம் பிடிக்கவில்லை என்றால் வேறு கிளப்புக்குப் போகலாமே என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தக் காலத்து விதி அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் வருஷம் முடிந்தாலும் வீரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் விடமாட்டேன் என்றால் வேறெங்கும் ஆட முடியாது, ஆடாவிட்டால் சம்பளமும் கிடையாது. எந்த ஆலைத் தொழிலாளியையாவது இப்படிக் கட்டிவைத்தால் ஒப்புக்கொள்வோமா?

விசுவாசம் பற்றியும் நிறையப் பேசினார்கள். 1947ஐ நினைத்துப் பாருங்கள். ஸ்டோக் சிட்டி முதன்முதலாக லீக் பட்டம் வெல்லும் நிலையில் இருந்தது. பருவத்தில் ஒரு சில ஆட்டங்களே பாக்கி. அந்த நேரத்தில் ஊரே கொண்டாடிய ஸ்டான்லி மேத்யூஸை பிளாக்பூலுக்கு 11,500 பவுண்டுக்கு விற்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றார்கள், பட்டம் போனது. அந்த அணியில் இருந்தவர்தான் ஃபிராங்கிளின். கிளப் பணத்துக்காக வீரரை அனுப்பினால் அதன் பெயர் வியாபாரம், வீரர் பணத்துக்காகக் கிளப்பை விட்டால் அதன் பெயர் துரோகம். இது என்ன நீதி, நடுவர் அவர்களே?

கொலம்பியாவில் அப்போது என்ன நடந்தது என்றால், அங்கத்திய தொழில்முறை லீக் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. அதனால் பழைய கிளப்புக்கு மாற்றுத்தொகை தராமல் நேரடியாக வீரரிடமே பணத்தைக் கொடுத்தார்கள். அர்ஜென்டினாவில் வேலைநிறுத்தம் செய்து அலுத்துப்போன நட்சத்திர முன்கள வீரர் டி ஸ்டெஃபனோவே அங்கே மில்லோனாரியோஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு தருகிறோம் என்று அழைப்பு வந்தபோது, ஃபிராங்கிளினும் ஸ்டோக்கின் இன்னொரு வீரர் ஜார்ஜ் மவுன்ட்ஃபோர்டும் கிளம்பினார்கள்.

உலகக் கோப்பைக்கு வர முடியாது, மனைவி கர்ப்பமாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, பொகோட்டாவுக்கு விமானம் ஏறினாரே என்று கேட்டீர்கள். எதிரணியின் கையில் இருக்கும் பலமான வாதம் இதுதான், மறுக்க மாட்டேன். மனைவி கர்ப்பமாக இருந்தது உண்மை, ஆனால் முழுக் காரணத்தையும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பயணமே நின்றிருக்கும். வாயைத் திறந்தால் கதவைச் சாத்தும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஏன் மறைத்தாய் என்று கேட்பது சரியில்லை.

ஆறு ஆட்டத்தில் திரும்பி வந்துவிட்டார், உறுதியில்லாதவர் என்றும் சொன்னார்கள். பொகோட்டா கடல் மட்டத்துக்கு 2,600 மீட்டர் மேலே இருக்கும் ஊர். 1948இல் அரசியல் தலைவர் கைத்தான் கொல்லப்பட்டபின் நகரமே எரிந்து, அந்த வன்முறை அடங்காத காலம். இரவில் ஊரடங்கு. பிரசவத்தை எதிர்நோக்கும் மனைவியையும் சின்னப் பையனையும் அங்கே வைத்துக்கொண்டு தங்க முடியாது என்று முடிவெடுத்த தகப்பனைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

திரும்பி வந்தவரை என்ன செய்தார்கள்? இங்கிலாந்து கால்பந்து சங்கம் தடை விதித்தது. ஸ்டோக் அவரைத் திரும்ப ஆடவைக்கவில்லை. 1951 பிப்ரவரியில் இரண்டாம் டிவிஷனில் இருந்த ஹல் சிட்டிக்கு விற்றது. விலை 22,500 பவுண்டு. அன்று அவருக்கு 29 வயது. பின்னால் காயங்கள் வந்து படுத்தின, உண்மைதான். ஆனால் காயம் வருவதற்கு முன்பே தேர்வுக் குழு அவர் பெயரை அழித்துவிட்டது. 28ஆவது போட்டி வரவே இல்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? 1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டியில் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றதற்கு ஃபிராங்கிளின் இல்லாததே காரணம் என்று எதிரணி அடித்துச் சொன்னது. அன்று சென்டர் ஹாஃப் ஆடிய லாரி ஹியூஸ் மேல் அந்தப் பழியைப் போடுவது தப்பு. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்குக் கோல் அடிக்கத்தான் ஆள் இல்லை. நிஜமான நஷ்டம் அப்புறம் வந்தது. 1953 நவம்பர், லண்டன் வெம்பிளியில் ஹங்கேரியோடு ஆட்டம். ஹங்கேரியின் ஹிடெக்குட்டி, முன்வரிசையின் நடுவான சென்டர் ஃபார்வர்டு இடத்தில் நிற்காமல் பின்னால் இறங்கி ஆடினார். அவரைத் துரத்திப் போவதா, இடத்தில் நிற்பதா என்று புரியாமல் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன் தவித்தார். ஹிடெக்குட்டி மட்டும் மூன்று கோல், இங்கிலாந்து 6-3 என்று தோற்றது. மறு ஆண்டு புடாபெஸ்ட்டில் 7-1. 1954 உலகக் கோப்பையின்போது கேப்டன் பில்லி ரைட் சென்டர் ஹாஃப் இடத்துக்கு மாறிய பிறகுதான் ஓட்டை அடைபட்டது. அதுவரை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஹல்லில் ஆடிக்கொண்டிருந்தவரைத் தவிர. அந்த நாலு வருஷத்தை இழக்கச் செய்தது ஃபிராங்கிளினின் பயணம் அல்ல, சங்கத்தின் வன்மம்.

சம்பள உச்சவரம்பு 1961 ஜனவரியில் போனது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தன் கிளப் நியூகாஸிலை எதிர்த்து நடத்திய வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைப் பிடித்துவைப்பது தொழிலுக்குப் போடும் நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் 1963இல் தீர்ப்பளித்தார். ஃபிராங்கிளின் 1950இல் தப்பி ஓடியது இதே கட்டிலிருந்துதான்.

எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி நண்பர் ஒரு கணக்குக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஹல் சிட்டி கொடுத்தது 22,500 பவுண்டு. அன்றைய விதிப்படி, இடம் மாறும் வீரருக்குக் கையெழுத்துத் தொகையாகத் தரலாம் என்று அனுமதித்திருந்தது 10 பவுண்டு. பணத்தாசை பிடித்தவர் என்ற பட்டத்தை இந்த இரண்டு தரப்பில் யாருக்குக் கட்டுவீர்கள்? நன்றி, வணக்கம்.