சுவர் இருந்தால்தான் சித்திரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே சொல்லிவிட்ட ஓவியக் கல்லூரி முதல்வர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த தயாரிப்பாளர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். தலைவர் பத்து நிமிடம் கொடுத்தார். இரண்டு இதிலேயே போயிற்று.

சினிமா போஸ்டர் வரையும் முன் தாளில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்கிறோமே, அந்தக் கட்டம் எதற்கு? மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். கட்டம் போடுவது எப்படி, கண் எந்த வழியில் போகும், கட்டத்தை எப்போது மீறலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். போஸ்டருக்குச் சுவர் இந்தக் கட்டம்தான். ஹாலிவுட்டில் ஒன்-ஷீட் என்று சொல்லும் வழக்கமான போஸ்டர் 27 அங்குல அகலம், 40 அங்குல உயரம். அகலத்தை ஆறு பத்தியாகவும் உயரத்தை ஒன்பது வரிசையாகவும் பிரித்தால் ஏறக்குறைய நாலரை அங்குலச் சதுரங்கள் கிடைக்கும். முகத்துக்கு நான்கு பத்தி, டைட்டிலுக்கு இரண்டு வரிசை, அடிவரிசை பெயர்ப்பட்டியலுக்கு. மிச்சத்தைக் காலியாக விடத்தான் தைரியம் வேண்டும். சுவிட்சர்லாந்தின் யோசெஃப் முல்லர்-புரோக்மன் 1981இல் கட்டத்துக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவரே போஸ்டர்காரர்தான்.

என் கதைக்கு வருகிறேன். நான் போஸ்டர் செய்த முதல் படத்தில் இரண்டு நாயகர்கள். இருவரின் மேனேஜர்களும் கையில் ஸ்கேலோடு வந்துவிட்டார்கள். ஒருவர் அளந்தார்: "எங்க ஆள் முகம் அரை அங்குலம் சின்னதா இருக்கே!" மற்றவர் அளந்தார்: "சார், நீங்க முடியைச் சேர்க்கல." முடியைச் சேர்த்தால் சமம், சேர்க்காவிட்டால் சண்டை! (சிரிப்பு) மீசையைக்கூட அளந்தார்கள். கட்டம் போட்ட டிரேசிங் தாளை எடுத்து மேலே விரித்தேன். ஆளுக்கு மூன்று பத்தி, நான்கு கண்களும் ஒரே கோட்டில். ஸ்கேல்கள் உள்ளே போயின. அடுத்து, யார் பெயர் முதலில்? 1974இல் 'தி டவரிங் இன்ஃபெர்னோ' என்ற ஹாலிவுட் படத்துக்கும் இரண்டு நாயகர்கள்; அதன் போஸ்டரில் ஸ்டீவ் மெக்வீன் பெயரை இடப்பக்கம் வைத்து, பால் நியூமன் பெயரை வலப்பக்கம் சற்று உயர்த்திப் போட்டார்கள். இடமிருந்து படித்தால் இவர் முதல், மேலிருந்து பார்த்தால் அவர் முதல். அதையே செய்தேன். மேனேஜர்கள் இருவரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

போஸ்டர் அச்சாகி வந்ததும் அடிவரிசையைப் பார்த்தேன். அந்த எழுத்துகள் ஏன் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கின்றன தெரியுமா? பெயரின் அளவு டைட்டில் அளவில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் இருக்கும். உயரத்தைக் குறைக்க முடியாது, அகலத்தைத்தான் நசுக்க வேண்டும். நசுங்கியாவது எல்லோர் பெயரும் இருந்தது. முடியை அளந்த மேனேஜர் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தச் சுவரை எழுப்பியவனுக்கு அதில் ஓர் ஓரம் கிடையாதா? போலந்தின் பழைய சினிமா போஸ்டர்களைப் பாருங்கள், எத்தனையோ போஸ்டர்களில் ஓவியரின் கையெழுத்து தெரியும். நான் கேட்பது அடிவரிசையின் கடைசிப் பத்தியில் அரை அங்குலம்.

மணி அடித்துவிட்டார்கள். மற்ற இரண்டு செய்திகளை முதல்வர் ஐயா வகுப்பில் சொல்லிக்கொடுப்பார். வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தைத் தயாரிப்பாளர் ஐயா போட வேண்டும். பேனா இதோ.