மெரிமாக் ஆற்றங்கரையில் ஒரு பஞ்சாலை நகரம்

அவைத் தலைவர் அவர்களே, அன்பு நண்பர்களே,

மாசச்சூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டன் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மெரிமாக் ஆறு பாடக்கெட் அருவியில் சுமார் 10 மீட்டர் இறங்கி ஓடுகிறது. அந்தச் சரிவை நம்பிப் பிறந்த ஊர்தான் அமெரிக்காவின் தொடக்ககாலத் தொழில் நகரங்களில் முதன்மையானதாகச் சொல்லப்படும் லோவெல். அது எழுந்ததையும் விழுந்ததையும் மீண்டதையும் பலரும் முதலாளிகளின் கதையாகவே சொல்லிவருகிறார்கள். அந்த ஊருக்கு வேலை தேடி வந்தவர்கள், தங்கள் பேச்சுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று கேட்ட கதையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

நகருக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் கேபட் லோவெல் அந்த நகரைக் கண்ணால் கண்டதில்லை. இயந்திரங்களையும் அவற்றின் வரைபடங்களையும் வெளியே கொண்டுசெல்ல பிரிட்டன் தடை விதித்திருந்த காலத்தில், 1810 முதல் 1812 வரை அங்கே தங்கியிருந்த அவர், பஞ்சாலைகளைச் சுற்றிப் பார்த்து விசைத்தறியின் அமைப்பை மனத்திலேயே பதித்துக்கொண்டு ஊர் திரும்பினார். பால் மூடி என்னும் தேர்ந்த இயந்திர வினைஞரின் துணையோடு வால்தம் என்ற ஊரில் அந்தத் தறியை ஓடவிட்டார். பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வரும்வரை எல்லா வேலையும் ஒரே கூரையின்கீழ் நடந்தது அமெரிக்காவுக்குப் புதிது. 1817இல் அவர் இறந்தார். வால்தத்தின் நீர்விசை போதாமல் இடம் தேடிய அவருடைய கூட்டாளிகள், மெரிமாக் கரையில் நிலம் வாங்கி, 1823இல் முதல் ஆலையை ஓட்டினர். அவ்வூர் 1826இல் தனி ஊராகவும் 1836இல் நகரமாகவும் ஆயிற்று. 1850இல் அங்கே 33,000 பேர் வாழ்ந்தனர்.

படகுகள் அருவியைச் சுற்றிப் போவதற்காக 1790களில் வெட்டப்பட்ட பழைய கால்வாயை அகலப்படுத்தி, அதிலிருந்து கிளைகளைப் பிரித்து, ஒவ்வோர் ஆலையின் சக்கரத்துக்கும் நீர் கொண்டுவந்தவர்கள் அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்கள். ஆலைப் பெண்களுக்குச் செங்கல் விடுதிகள் எழுந்த அதே ஆண்டுகளில், கால்வாய் வெட்டியவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட குடிசைகளில் வாழ்ந்தார்கள். ஊரைத் திட்டமிட்டவர்களின் வரைபடத்தில் அவர்களுக்கு வீடே இல்லை.

ஆலைகளுக்குள் தறி ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உண்டு, வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். நூல் அறாமலிருக்க ஈரப்பதம் வேண்டும் என்பதற்காகச் சன்னல்களை அடைத்து வைத்திருந்த கூடங்களில், பஞ்சுத் துகளையே மூச்சாக இழுத்தார்கள். ஆனாலும் கையில் சொந்தப் பணம் புழங்கிய முதல் தலைமுறைப் பெண்களும் அவர்கள்தாம். மாலைச் சொற்பொழிவுகளுக்குப் போனார்கள். தங்கள் எழுத்துகளால் ஒரு மாத இதழையே நிரப்பினார்கள். அந்த இதழை வெளியூர் விருந்தினருக்குக் காட்டிப் பெருமைப்பட்ட ஊர், அதே பெண்கள் கூலியைப் பற்றிப் பேசியபோது காதை மூடிக்கொண்டது. 1834இல் கூலியைக் குறைத்தபோதும், 1836இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோதும் அவர்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். பத்து மணி நேர வேலைநாள் கேட்டு, சாரா பேக்லி என்ற தறிக்காரப் பெண்ணின் தலைமையில் கையெழுத்து திரட்டி, 1845இல் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். வேலை நேரத்தை முறைப்படுத்துவது சட்டமன்றத்தின் வேலையன்று என்று அந்தக் குழு கைவிரித்தது. பெண்களுக்கும் சிறாருக்கும் பத்து மணி நேர வரம்பைச் சட்டமாக்க மாசச்சூசெட்ஸ் 1874 வரை காத்திருந்தது. சாட்சியம் சொன்ன பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்பதை இங்கே நினைவில் வையுங்கள். இந்தப் பேச்சின் முடிவில் அதற்கு மீண்டும் வருவேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லோவெல் ஆலைகள் நூற்ற பஞ்சு, தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு. அங்கே நெய்த முரட்டுத் துணியின் ஒரு பகுதி, அடிமைகளுக்கு உடுத்துவதற்கென்றே தெற்குக்குத் திரும்பிப் போனது. 1836இல் ஊர்வலம் போன பெண்கள், தாங்கள் அடிமைகளாக மாட்டோம் என்று பாடினார்கள். தங்கள் தறியில் ஓடிய நூல் எந்தக் கைகளிலிருந்து வந்தது என்பதை அவர்களில் சிலராவது நினைத்திருப்பார்கள் என்றே நான் நம்ப விரும்புகிறேன். வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போரின்போது பல நிறுவனங்கள் ஆலையை நிறுத்தி, இருப்பிலிருந்த பஞ்சை நல்ல விலைக்கு விற்றுவிட்டுத் தொழிலாளர்களை வெளியே அனுப்பின. ஊரின்மேல் முதலாளிகளுக்கு இருந்த பற்று எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

பிற்பாடு பிரெஞ்சுக் கனடியர், கிரேக்கர், போலந்துக்காரர், போர்ச்சுகீசியர் என்று அலையலையாக வந்தார்கள். நீராவியும் பின்னர் மின்சாரமும் வந்தபின், அருவியின் பக்கத்தில் இருப்பதால் கிடைத்த ஆதாயம் போயிற்று. தெற்கே பஞ்சு பக்கத்திலேயே விளைந்தது, கூலியும் குறைவு. பழைய இயந்திரங்களை மாற்றுவதற்குப் பதிலாகப் பங்கு ஈவைப் பிரித்துக்கொண்டே இருந்த நிறுவனங்கள் 1920களில் வரிசையாக மூடின. எஞ்சிய பெரிய ஆலைகளும் 1950களில் நின்றன. அடுத்த பத்தாண்டுகளில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில், முதல் ஆலையான மெரிமாக் நிறுவனத்தின் கட்டடங்களையும் விடுதிகளையும், பிரெஞ்சுக் கனடியர் வாழ்ந்த ‘லிட்டில் கனடா’ குடியிருப்பையும் இடித்துத் தள்ளினார்கள். இருந்த நினைவையும் ஊர் தன் கையாலேயே அழித்துக்கொண்ட அந்த ஆண்டுகளைத்தான் வீழ்ச்சியின் அடியாழம் என்று நான் கருதுகிறேன்.

அப்போது பாட்ரிக் மோகன் என்ற கல்வியாளர் ஒன்றைச் சொன்னார். இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியர் உழைத்த ஆலைகளைக் கண்டு வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும்வரை அவர்களால் முன்னேற முடியாது. ஆகவே ஊரையே ஒரு பள்ளிக்கூடமாக்க வேண்டும் என்பதே அவர் எண்ணத்தின் சாரம். கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த லோவெல்காரரான பால் சாங்கஸ், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினராக இருந்து அதற்குச் சட்ட வடிவம் தேடித் தந்தார். 1978 ஜூனில் லோவெல் தேசிய வரலாற்றுப் பூங்கா உருவாயிற்று. மலையும் காடும் நினைவுக்கு வரும் ‘தேசியப் பூங்கா’ என்ற பெயரைக் கால்வாய்க்கும் ஆலைக்கும் சூட்டியது துணிச்சலான செயல்.

அதே காலத்தில் வாங் கணினி நிறுவனம் அங்கே பல மாடிக் கோபுரங்களை எழுப்பியது. ஊர் பிழைத்தது என்று எல்லாரும் நினைத்திருக்க, 1992இல் அந்த நிறுவனம் திவாலாயிற்று. சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டிய கோபுரங்கள் 1994இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயின. ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு இரண்டாம் முறையும் அதே பாடம். வாங் வீழ்ந்த அதே 1992இல், பூட் பஞ்சாலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, அதன் பழைய தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. பின்னர்ப் பல ஆலைகள் குடியிருப்புகளாயின, பல்கலைக்கழகமும் வளர்ந்தது. 1920இல் 1,12,759 ஆக இருந்து, பிறகு தேய்ந்த மக்கள்தொகை, 2020இல் 1,15,554 ஆகி, நூறாண்டுக்கு முந்தைய அளவைத் தாண்டியது.

அந்த எண்ணிக்கையைக் கூட்டியவர்களில் முக்கியமானவர்கள், கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமையிலிருந்து தப்பி 1980களில் வந்துசேர்ந்த கம்போடிய அகதிகள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்கு அடுத்தபடியாகக் கம்போடியர் மிகுதியாக வாழும் ஊர் இன்று லோவெல்தான். ஆயினும் நகர மன்றத்தின் எல்லா இடங்களுக்கும் ஊர் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் முறை இருந்ததால், கடை நடத்தி, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த அவர்களின் குரல் மன்றத்துக்குள் அரிதாகவே கேட்டது. 2017இல் ஆசிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடிமக்கள் சிலர் வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். 2019இல் நகரம் உடன்பட்டது. 2021 தேர்தல் பெரும்பாலான இடங்களுக்கு வட்டாரவாரியாக நடந்தது. 1845இல் வாக்கில்லாத பெண்கள் பாஸ்டனுக்குப் போய்க் கேட்டும் கிடைக்காதது, இவர்களுக்கு நீதிமன்றத்தின் வழியே கிடைத்தது. 2022 ஜனவரியில், கம்போடியாவிலிருந்து சிறுவனாக அகதியாய் வந்த சொக்காரி சாவ், லோவெல் நகரின் மேயராகப் பதவியேற்றார்.