எமிலியின் பாரிசும் பாரிசின் கோபமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

'எமிலி இன் பாரிஸ்' என்னும் தொடர் 2020 அக்டோபர் 2ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானபோது, அதைப் பார்த்த அமெரிக்கர்களில் பெரும்பாலோர் பாரிசுக்குப் போக முடியாத நிலையில் இருந்தார்கள். பெருந்தொற்றின் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் அவர்களுக்குக் கதவை மூடியிருந்தது. அதே மாதம் 30ஆம் தேதி பிரான்சிலும் இரண்டாவது பொதுமுடக்கம் தொடங்கிற்று. ஆக, அந்த ஊருக்குப் போக முடியாதவர்களும், அந்த ஊரிலேயே இருந்துகொண்டு தெருவில் நடக்க முடியாதவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பார்த்த பாரிஸ் அது. 2019இல் படமாக்கப்பட்டிருந்ததால் அதில் முகக்கவசம் இல்லை, மூடிய கடை இல்லை. முதல் 28 நாட்களில் 5 கோடியே 80 லட்சம் வீடுகளில் அது ஓடியதாக நெட்ஃபிளிக்ஸே அறிவித்தது. இத்தனை பேர் விரும்பிப் பார்த்த ஒன்றை இத்தனை பேர் திட்டியதும் ஏன் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிகாகோவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பணிபுரியும் எமிலி கூப்பர், கருவுற்றிருக்கும் தன் மேலதிகாரிக்குப் பதிலாகப் பாரிசிலுள்ள 'சவ்வார்' என்னும் நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. லில்லி காலின்ஸ் எமிலியாகவும், பிலிப்பின் லெருவா-போலியே அவளுடைய பிரெஞ்சு மேலதிகாரி சில்வியாகவும் நடித்தார்கள். உருவாக்கியவர் டேரன் ஸ்டார். நியூயார்க் பெண்கள் நால்வரின் கதையான 'செக்ஸ் அண்ட் த சிட்டி' என்னும் பழைய தொடரை உருவாக்கியவரும் அவரே; அதன் நாயகியும் 2004இல் கடைசி அத்தியாயங்களில் பாரிசுக்கே போனாள். 

பிரெஞ்சு விமர்சகர்கள் பொங்கி எழுந்தார்கள். பிரெஞ்சுக்காரர் என்றால் சோம்பேறிகள், முற்பகல் முடியும்போதுதான் அலுவலகம் வருபவர்கள், யாரைக் கண்டாலும் சரசமாடுபவர்கள், பெண்களை மதிக்காதவர்கள் என்று எந்தத் தேய்ந்த சித்திரத்தையும் விட்டுவைக்கவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் பொய்யில்லை. முதல் அத்தியாயத்திலேயே எமிலி காலை எட்டரை மணிக்கு அலுவலகத்துக்கு வந்து பூட்டிய கதவின் முன் நிற்கிறாள்; திறப்பது பத்தரைக்கு. தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்காத பிரெஞ்சு வழக்கம் பிடிபடாமல், தன் வீடென்று நினைத்துக் கீழ்த்தளத்து வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்துத் திருக்குகிறாள். கதவைத் திறப்பவன் அழகான சமையற்கலைஞன் கேப்ரியல்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு இந்தச் சித்திரங்கள்தாம் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. பாரிஸ்காரர்கள் தங்கள் பரிசாரகரின் முகச்சுளிப்பையும், தங்கள் வேலைநிறுத்தங்களையும், நடைபாதையில் கிடக்கும் நாய்க்கழிவையும் பற்றித் தாங்களே சொல்லிச் சிரிப்பவர்கள். அவர்களைக் கிள்ளியது வேறொன்று. வந்திறங்கிய மறுநாளே எமிலி பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறாள், ஒவ்வொரு முறையும் அவளே வெல்கிறாள் என்பதுதான் அது. அலெக்சாண்டர் மூன்றாமன் பாலத்தில் ஒரு வாசனைத் திரவிய விளம்பரம் படமாக்கப்படும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆடையில்லாமல் நடந்துவரும் பெண்ணை ஆண்கள் பார்த்து நிற்பதாகக் காட்டும் அந்த விளம்பரம் யாருடைய கனவு என்று எமிலி கேட்கிறாள். நல்ல கேள்வி; பிரான்சிலேயே பல பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. ஆனால் அந்த அலுவலகத்தில் அதைக் கேட்பதற்கு ஓர் அமெரிக்கப் பெண் விமானமேறி வரவேண்டியிருக்கிறது. விடையும் அவள் கைப்பேசியில் நடத்தும் வாக்கெடுப்பாக வருகிறது. சிகாகோவிலிருந்து அவள் கொண்டுவந்த கருத்தில் ஒன்றைக்கூடப் பாரிஸ் மாற்றுவதில்லை.

இதற்கு எதிர்ச்சான்று நம் கையிலேயே இருக்கிறது. அதே 2020இல், ஆகஸ்ட் மாதம், ஆப்பிள் டிவி தளத்தில் 'டெட் லாஸ்ஸோ' வந்தது. அதுவும் அயலூரில் ஓர் அமெரிக்கன் பற்றிய நகைச்சுவைத் தொடர்தான். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத் தவிர எதுவும் அறியாத கேன்சஸ் பயிற்சியாளர் ஒருவர், இங்கிலாந்தின் காற்பந்து அணிக்குப் பயிற்றுவிக்க லண்டனின் ரிச்மண்டுக்கு வருகிறார். ஆஃப்சைடு விதி அவருக்குப் புரியவில்லை, தேநீர் பிடிக்கவில்லை, இரண்டையும் அவர் மறைப்பதுமில்லை. மதுக்கடையில் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் மூன்று ரசிகர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். அரங்கம் முழுவதும் சேர்ந்து ஏசுகிறது. பிரிட்டிஷ் பார்வையாளர் கேட்க நினைத்ததை அந்தத் தொடரே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறது. முதல் சீசனின் முடிவில் அவருடைய அணி தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகிறது. காற்பந்து விவரங்களைக் குறைசொன்னவர்கள் பிரிட்டனிலும் உண்டு. ஆனால் தங்களைத் தாழ்த்திவிட்டதாகப் பெரிய கூக்குரல் எழவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான 2021ஆம் ஆண்டின் எம்மி விருதில் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான பட்டியலில் இரண்டும் ஒன்றாக இடம்பெற்றன; வென்றது லாஸ்ஸோ. தோற்கத் தெரிந்த விருந்தாளியை எந்த ஊரும் பொறுத்துக்கொள்ளும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதே ஆண்டு கோல்டன் குளோப் விருதுக்கு எமிலியின் தொடர் பரிந்துரைக்கப்பட்டதைச் சுற்றி எழுந்த சச்சரவை விரித்துப் பேச நான் விரும்பவில்லை. விருதளிக்கும் சங்கத்தின் உறுப்பினர் முப்பதுக்கும் மேற்பட்டோர் 2019இல் படப்பிடிப்பைக் காணப் பாரிசுக்கு அழைத்துச்செல்லப்பட்டு ஆடம்பர விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள் என்று லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்று அம்பலப்படுத்தியது. அது பார்வையாளரின் கோபத்துக்கு நியாயம் சேர்த்தது. தொடரைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

பார்வையாளர் எழுப்பிய இன்னொரு குறை நமக்கு நெருக்கமானது. இந்தத் தொடரின் பாரிஸ் மிகவும் துடைத்துவைத்த பாரிஸ், அதில் குடியேறிகளின் நகரம் தெரியவில்லை என்றார்கள். பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து லா சப்பல் பக்கம் நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அங்கே தமிழில் பெயர்ப்பலகை எழுதிய மளிகைக் கடைகளும், நகைக்கடைகளும், சேலைக் கடைகளும் தெருவை நிறைத்திருக்கும்; கோடை முடியும் வேளையில் மாணிக்கப் பிள்ளையாரின் தேர் அந்த வீதிகளில் வரும், சிதறுதேங்காய் தார்ச்சாலையில் மலைபோல் குவிந்து கிடக்கும். ஈழத்திலிருந்து போரினால் பெயர்ந்து அங்கே போன நம்மவர்களில் எத்தனையோ பேருடைய முதல் வேலை உணவகச் சமையலறையில்தான் கிடைத்தது. கோப்பை கழுவியதில் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்தவர்கள் பலர். எமிலி தன் இறைச்சித்துண்டு சரியாக வேகவில்லை என்று திருப்பி அனுப்பும் காட்சியில், அந்தத் தட்டு போய்ச் சேரும் சமையலறையில் கேப்ரியல் மட்டும் இருப்பதாகத் தொடர் நினைக்கிறது. லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்து அத்தகைய அடுக்களைகளை அறிந்த தமிழர் ஒருவர் அதைப் பார்க்கும்போது, பாரிஸ் விமர்சகருக்கு வராத ஒரு சிரிப்பு வரத்தான் செய்யும்.

சித்திரம் தேய்ந்ததா என்பதைவிட, அது யாருடைய முதுகில் ஏற்றப்படுகிறது என்பதே முக்கியம். 2021 டிசம்பரில் வந்த இரண்டாம் சீசனில் பெட்ரா என்ற உக்ரேனியப் பெண் வருகிறாள். எமிலியோடு பிரெஞ்சு வகுப்பில் படிப்பவள். துணிக்கடைக்குச் சேர்ந்து போகும் எமிலி, தோழி காசு கொடுக்காமல் பொருட்களோடு வெளியேறுவதைக் கண்டு பதறுகிறாள். உக்ரேனின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஒலெக்சாந்தர் த்காச்சென்கோ இது இழிவானது என்று பகிரங்கமாகக் கண்டித்து நெட்ஃபிளிக்ஸுக்கு எழுதினார். அடுத்த சில வாரங்களில், 2022 பிப்ரவரி 24 அன்று, போர் மூண்டு இலட்சக்கணக்கான உக்ரேனியர் ஐரோப்பிய நகரங்களில் புகலிடம் தேடி நின்றார்கள். பிரெஞ்சுக்காரரைச் சோம்பேறி என்று சித்திரிப்பதால் ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் வேலை போவதில்லை. பெட்ராவின் நாட்டவருக்கு அப்படிச் சொல்ல முடியாது; அயலூரில் வாடகை வீடு கேட்டு நிற்பவரைப் பற்றிய கேலி, அந்த வீட்டுக்காரரின் மனத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, சிரிப்புத் தொடர்தானே, விட்டுவிடுங்கள் என்று அந்த அமைச்சரிடம் சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பாரிசின் கோபமோ மெல்ல வேறு திசையில் திரும்பிவிட்டது. முதல் சீசனில் குடியரசுத் தலைவரின் மனைவி பிரிஜித் மக்ரோன் எமிலியின் சமூக ஊடகப் பதிவைப் பகிர்ந்ததாக ஒரு கற்பனை வந்தது. 2024இல் வெளிவந்த நான்காம் சீசனில் அவரே நேரில் வந்து நடித்தார். அந்தச் சீசன் எமிலியை ரோம் நகருக்கு அனுப்பவே, குடியரசுத் தலைவர் இமானுவேல் மக்ரோன், அவளைப் பாரிசிலேயே வைத்துக்கொள்ளப் போராடுவோம் என்று ஓர் அமெரிக்கத் திரைத்துறை இதழுக்குப் பேட்டி கொடுத்தார். எமிலி இங்கே நலமாக இருக்கிறாள், மனத்துக்குக் கட்டளையிட முடியாது, அவளே முடிவெடுக்கட்டும் என்று ரோம் மேயர் ராபர்த்தோ குவால்தியேரி பதில் சொன்னார். வேடிக்கைப் பேச்சுதான், ஆனால் சுற்றுலா வருமானத்தின் கணக்கு அதற்குள் இருந்தது.

அந்த வருமானத்தின் மறுபக்கத்தைப் பார்க்க, எமிலியின் வீடும் கேப்ரியலின் உணவகமும் காட்டப்படும் எஸ்த்ரபாத் சதுக்கத்துக்குப் போகவேண்டும். ஐந்தாம் வட்டாரத்தில், மரநிழலும் நீரூற்றும் உள்ள சிறிய இடம். வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமாக வந்து அந்த வாசலில் நின்று படமெடுத்துக்கொள்வதால், 'எமிலிக்கு இங்கே வரவேற்பில்லை' என்று அங்கே சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். 2020இல் விமர்சகர்கள் எழுதிய பத்திகளைவிட அந்த எழுத்தில் எனக்கு அதிக நியாயம் தெரிகிறது. எழுதியவர்கள் தொடரின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. தங்கள் வீட்டு வாசலைப் பற்றிப் பேசினார்கள். குடியரசுத் தலைவர் தக்கவைத்துக்கொள்ளப் போராடுவதாகச் சொன்னதும், குடியிருப்பவர்கள் போய்த் தொலையட்டும் என்றதும் ஒரே பெண்ணைத்தான்.

2025 டிசம்பரில் வெளியான ஐந்தாம் சீசன் எமிலியை வெனிசுக்கும் அழைத்துச் சென்றது. பகலில் வந்து திரும்பும் பயணிகளிடம், நெரிசல் மிகுந்த நாட்களில் 2024 ஏப்ரல் முதல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கிய ஊர் அது.

வணக்கம்.