ஒட்டாத குதிரை

நேயர்களுக்கு வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். பேசப் போவது ஆக்டேவ் மாண்டலின் என்ற எட்டுத் தந்தி வாத்தியத்தைப் பற்றி. பெயரைக் கேட்டதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு கிடாரோ வயலினோ, அலமாரி மேல் உறை போட்டுத் தூங்கும் வீணையோ இருந்தால், இதில் பாதி உங்களுக்கும் ஆகும்.

மாண்டலின் என்றதும் நம் ஊரில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் யு. ஸ்ரீநிவாஸ்தான். அவரிடம் கடைசியில் வருகிறேன். இப்போதைக்கு அந்தச் சின்ன மாண்டலினை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் சொல்லும் வாத்தியம் அதற்கு அண்ணன். அதே நாலு ஜோடித் தந்தி, வயலினுக்கு மேற்கத்தியர் வைக்கும் அதே சுருதி, ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. தம்பியின் தடித்த தந்தி நொடிக்கு 196 முறை அதிர்கிறது என்றால் அண்ணனுடையது 98 முறை. தம்பிக்கு, தந்தி அதிரும் நீளம் பதினான்கு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. என்னிடம் இருக்கும் அண்ணனுக்கு 22 அங்குலம்.

ஏன் அவ்வளவு நீளம் என்றால், அதே தந்தியை அதே நீளத்தில் ஒரு ஸ்தாயி இறக்கிப் பாருங்கள். இழுவிசை பாதியாகக் குறையாது, கால் பங்காகிவிடும். துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொளதொளவென்று தொங்கும். அதனால் தந்தியைத் தடியாக்க வேண்டும், நீளத்தையும் கூட்ட வேண்டும். கூட்டினால் மெட்டுகள், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள், விலகும். தம்பியில் முதல் மெட்டு இரண்டு சென்டிமீட்டரில் வந்துவிடும். அண்ணனில் அது மூன்று சென்டிமீட்டருக்கும் மேலே. விரல் எட்டாமல் தவிப்பது அங்கிருந்துதான் ஆரம்பம்.

இந்த வாத்தியத்தை நான் பார்த்தது அயர்லாந்தில், கார்க் நகரத்தில். வேலை நிமித்தமாக மூன்று வருடம் அங்கே இருந்தேன். 1960களில் ஜானி மொய்னிஹன் என்பவர் கிரேக்க நாட்டு புஸூக்கி என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியத்தை ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்தார். பிறகு ஆண்டி இர்வைன், டோனல் லன்னி போன்றவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். 1972இல் தொடங்கிய பிளாங்க்ஸ்டி குழுவில் இவர்கள் இருவரும் இருந்தார்கள். அந்த ஒலி பரவியதும், அதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக ஆக்டேவ் மாண்டலினும் உட்கார்ந்துகொண்டது. வயலின் வாசிக்கிறவருக்கு இதில் ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். தூரம்தான் கூடுதல். பிரிட்டனில் இதையே ஆக்டேவ் மாண்டோலா என்பார்கள். பெயர்ச் சண்டைக்குள் நான் போகவில்லை.

பழைய பொருளாக ஒன்றை வாங்கினேன். என்ன விலை என்று சொல்லமாட்டேன், வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து விரல் வலி. நமக்கு வயதாகிவிட்டது, விரல் தடித்துவிட்டது, முப்பத்தெட்டு வயதில் ஆரம்பித்தால் இப்படித்தான் என்று ஆறு மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். குறை விரலில் இல்லை. இதை இன்று இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: கை வலித்தால், ஸ்வரம் பிசகினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வாத்தியத்தை.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஒரு பப்பில் கூடி வாசிப்பார்கள். மேடை, மைக் எதுவும் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி இரண்டு வயலின், ஒரு குழல், கையில் பிடித்து அமுக்கி விரிக்கும் சின்னத் துருத்தி வாத்தியமான கான்சர்டினா ஒன்று, ஒரு தோல் வாத்தியம். எனக்கும் ஓரமாக ஒரு நாற்காலி. முதல் தடவை போகிறோமே என்று மத்தியானமே புதுத் தந்தி போட உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு. எட்டுத் தந்தியையும் ஒரே மூச்சில் கழற்றினேன். கழற்றியதும் குதிரை உருண்டு தரையில் விழுந்தது.

குதிரை என்றால் தந்திகள் ஏறி உட்காரும் மரத்துண்டு. வயலின்காரர்களுக்கும் வீணைக்காரர்களுக்கும் இந்தச் சொல் தெரிந்திருக்கும். கிடாரில் அதை மேல் பலகையில் ஒட்டியிருப்பார்கள். மாண்டலின் குடும்பத்தில் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. தந்தி அழுத்திப் பிடிக்கிற பிடியில்தான் அது நிற்கிறது. எட்டுத் தந்தியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் மூன்றின் எடை. அது இருக்கும்வரை குதிரை அசையாது. அதை எடுத்துவிட்டால் குதிரைக்கு ஊர் கிடையாது.

விழுந்ததை எடுத்து வைக்க அடையாளமாவது இருந்ததா என்றால், இருந்தது. இத்தனை வருடம் குதிரை நின்ற இடத்தைச் சுற்றித் தூசி படிந்து, பாதத்தின் அச்சு அழகாகத் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? தந்திதான் இல்லையே, துடைக்க வசதி என்று ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டேன். அப்புறம் கண் அளவில் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் நிறுத்தி, தந்தியைக் கட்டி, சுருதி சேர்த்துக்கொண்டு கிளம்பினேன்.

பப்பில் போய் உட்கார்ந்தேன். வெறும் தந்தியை மீட்டினால் சுருதி சுத்தம். சுருதி பார்க்கும் டியூனர் கருவி பச்சை விளக்கு காட்டுகிறது. ஆனால் விரல் மேலே போகப் போக அபஸ்வரம். மூன்றாவது மெட்டில் லேசாகப் புளிக்கிறது, ஏழாவதில் நன்றாகவே புளிக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் நாகரிகம் அப்படி. நானே சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வாசிப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்தேன். இடைவேளையில் பக்கத்திலிருந்த வயலின்காரப் பெரியவர் கையை நீட்டினார். வாத்தியத்தைக் கொடுத்தேன். பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் அழுத்தாமல் தொட்டு ஒரு மீட்டு. மணி மாதிரி ஒரு ஒலி. அப்புறம் அதே மெட்டில் அழுத்தி ஒரு மீட்டு. இரண்டும் ஒன்றாக இல்லை. தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கட்டைவிரலாலும் குதிரையைப் பின்பக்கம் நகர்த்தினார். அரை சென்டிமீட்டர் இருக்கும். மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி தொட்டு, மறுபடி அழுத்தி, இன்னும் ஒரு நூலளவு. ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். "உன் காது சரியாகத்தான் இருக்கிறது, அதனால்தான் மூஞ்சி அப்படி இருந்தது" என்றார்.

அந்தச் சோதனையை மெதுவாக இன்னொரு முறை சொல்கிறேன். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதி. என்னுடையது 22 அங்குலம் என்பதால் 11ஆவது அங்குலத்தில் வரும். அங்கே தொட்டு மீட்டுவதும் அழுத்தி மீட்டுவதும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையைப் பின்னால் தள்ளுங்கள், அதாவது தந்தி கட்டியிருக்கும் வால் பக்கம். அழுத்தியது இறங்கி ஒலித்தால் முன்னால், கழுத்துப் பக்கம். ஏறினால் பின்னால், இறங்கினால் முன்னால். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். குதிரை கணக்குப்படி வரவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். ஏனென்றால் அழுத்தும்போதே தந்தி சற்று இழுபட்டு ஏறிவிடுகிறது. பருத்த தந்திக்கு அது கூடுதல், அதனால் அந்தப் பக்கம் குதிரை இன்னும் கொஞ்சம் பின்வாங்கிச் சாய்ந்தாற்போல் நிற்கும். கோணலாக இருக்கிறதே என்று யாராவது நேராக்கிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை.

வீணை வீட்டுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேளம் கட்டுவது என்று ஒரு வேலை இருக்கிறதல்லவா? மெழுகை இளக்கி, 24 மெட்டையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவார்கள். அங்கே மெட்டு நகரும். இங்கே மெட்டுகளைக் கணக்குப் போட்டு மரத்தில் அடித்து இறக்கிவிட்டார்கள், நகராது. நகர்கிற ஒரே பொருள் குதிரை. அது ஓர் இடத்தில் பிசகினால் எல்லா மெட்டும் சேர்ந்து பிசகும். அதனால்தான் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விரல் வலி. அதற்குக் காரணம் வேறு. கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் காடி, அதாவது சின்னப் பள்ளம், வழியாக இறங்கும் சின்ன எலும்புத் துண்டு ஒன்று உண்டு, நட் என்பார்கள். அந்தக் காடிகள் ஆழம் போதாமல் இருந்தால் முதல் மெட்டில் அழுத்துவது பாறாங்கல்லை அழுத்துவது போல இருக்கும். மூன்றாவது மெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்திக்கொண்டு முதல் மெட்டைப் பாருங்கள். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடம் போதும். என்னுடையதில் அட்டையே நுழைந்தது. சின்ன அரம் வாங்கி நானே ராவினேன். ஒரு காடி அதிகமாக இறங்கி, தந்தி மெட்டில் உரசி இரைய ஆரம்பித்தது. அதற்கும் வைத்தியம் உண்டு. சமையலறை ஆப்பசோடா ஒரு சிட்டிகை காடியில் போட்டு, மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. உடனே கல்லாக இறுகிவிடும், திரும்ப ராவலாம். வாத்தியம் ரிப்பேர் செய்கிறவர்கள் செய்வதுதான். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை கண்ணைக் கரிக்கும்.

ஜோடித் தந்திகள் இரண்டுக்கும் காடி ஆழம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தும்போது ஒன்று கொஞ்சம் அதிகமாக ஏறும். கோயில் மணி அடித்து ஓய்கிறபோது ஓசை அலை அலையாக வந்து தேயுமே, அதுபோல இரண்டும் மோதும். ஒன்று 220, இன்னொன்று 221 என்றால் நொடிக்கு ஓர் அலை. மணியில் கேட்டால் சுகம், பாட்டில் கேட்டால் பல்கூச்சம்.

கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடும், அதை முறுக்கிக் கழுத்தின் வளைவைத் திருத்தலாம். அதற்கு ஒரே ஒரு வரி: ஒரு நாளில் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். முறுக்கு இறுகி நகர மறுத்தால் விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

இங்கே சென்னைக்கு வந்த பிறகு புதிய பாடம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மேல் பலகை ஈரம் குடித்து உப்பும். உப்பினால் குதிரையைத் தூக்கும், குதிரை தந்தியைத் தூக்கும், மறுபடி விரல் வலி. ஏசி அறையிலேயே வைத்தால் காய்ந்து இறங்கும், தந்தி மெட்டில் உரசும். குதிரையின் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரங்கள் இருக்கின்றன, திருகினால் ஏறும் இறங்கும். பன்னிரண்டாவது மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் எனக்குச் சரிப்படுகிறது. மழைக்கு எத்தனை திருகு இறக்கினேன், வெயிலுக்கு எத்தனை ஏற்றினேன் என்று பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதே பென்சில் முனையைக் காடியில் இரண்டு முறை தேய்த்தால், சுருதி சேர்க்கும்போது தந்தி 'டிக்' என்று துள்ளாமல் வழுக்கும்.

தந்தி விஷயம். இதற்கென்று தனிக் கட்டு நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடார் தந்திகளை உதிரியாக வாங்கிக்கொள்கிறேன். மெல்லியது 0.012 அங்குலம், பருத்தது 0.046, நடுவில் 0.022, 0.032. கிடார் தந்தியின் நுனியில் குண்டுமணி இருக்கும், நமக்கு வளையம் வேண்டும். ஒரு தடவை வளையம் என்று சொல்லியே குண்டுமணியை அனுப்பிவைத்தார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. குறடால் குண்டுமணியை நசுக்கி உருவிப் போட்டால் மிச்சம் இருப்பது வளையம்தான்.

நேரம் பதின்மூன்று நிமிடம் ஆகிவிட்டது. மாற்றியமைப்பது பற்றித்தான் பாதி நேரம் பேசுவதாக எழுதிக்கொண்டு வந்தேன், குதிரை மொத்தத்தையும் தின்றுவிட்டது. சுருக்கமாக இரண்டு. பருத்த இரண்டு ஜோடிகளிலும் ஒரு தந்தியை மட்டும் மெல்லியதாக மாற்றி ஒரு ஸ்தாயி மேலே சேர்க்கலாம். பன்னிரண்டு தந்திக் கிடாரில் வருகிற அந்த மினுமினுப்பு வரும். ஆனால் நட்டில் காடி மாறும், குதிரையின் கணக்கும் கொஞ்சம் மாறும், சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஸ்ரீநிவாஸ். அவர் ஜோடிகளையே எடுத்துவிட்டார். மின் மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகள். ஜோடித் தந்தியை இழுத்து ஒரு கமகம் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு இழுபடாது. நான் என் அண்ணனில் ஒரு மாதம் ஒரு ஜோடியைக் கழற்றி ஒற்றையாக வைத்துத் தோடி முயன்றேன். தோடியைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை, நல்லவேளை. ஜோடியைத் திரும்பக் கட்டிவிட்டேன். அதைக் கட்டும்போது குதிரை அசையவில்லை, மற்ற ஆறு தந்திகளும் பிடித்துக்கொண்டிருந்தன. நீங்களும் ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். தூசி அச்சைத் துடைப்பதற்கு முன்னால் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துவிடுங்கள். வணக்கம்.