நர்சிங் படிப்பின் கடைசி போஸ்டிங்குக்கு ஐசியு (தீவிர சிகிச்சைப் பிரிவு) எழுதிவிட்டீர்களா? ஒரு நிமிடம்!

சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு உட்கார்ந்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கியே நோயாளிகளை மூச்சுவிட வைத்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். நீங்கள் விருப்பப் படிவத்தில் முதல் வரியில் எழுதும் ஐசியு அங்கிருந்துதான் வந்தது.

வணக்கம். கடைசி போஸ்டிங் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. வேலையில் சேரும் முன் ஒரே பிரிவில் பல வாரம் பயிற்சி, கூடவே ஒரு சீனியர் சிஸ்டர். போதும், கதைக்கு வருவோம்.

1952, டென்மார்க்கின் கோபன்ஹேகன். ஊரெல்லாம் போலியோ. மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், மூச்சுக் கருவிகளோ விரல்விட்டு எண்ணிவிடலாம். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென் ஒரு யோசனை சொன்னார்: தொண்டையில் துளையிட்டுக் குழாய் போடுவோம், பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளுவோம். சரி, இரவும் பகலும் யார் அமுக்குவது? பிடி மாணவர்களை! 1953 டிசம்பரில் அதே ஊரில் இப்சென் தொடங்கிய தனிப் பிரிவைத்தான் உலகின் முதல் ஐசியு என்று பலரும் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அந்த மாணவர்கள் செய்த வேலை எவ்வளவு சலிப்பானது என்பதுதான். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. கண் நோயாளியின் முகத்தில். இன்றைய ஐசியுவும் பெரும்பாலும் அப்படித்தான். சினிமாவில் வருவதுபோல ஓடிப்போய் நெஞ்சை அழுத்துவது எப்போதோ ஒரு தடவை. மற்றபடி அதிகாலை மூன்று மணி, வெண்டிலேட்டர் சத்தம், நீங்கள் குனிந்து சிறுநீர்ப் பையில் கோடு பார்க்கிறீர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் உடனே சொல்ல வேண்டும். 28 இருக்கிறது. போன மணி 35. அதற்கு முன் 50. இந்த இறக்கத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கம் கலைகிறதா? அப்போது ஐசியு எழுதுங்கள். "28, 30, எல்லாம் ஒன்றுதானே" என்று தோன்றினால் தயவுசெய்து வேண்டாம்.

என் அளவுகோல் இதுதான்: எந்தப் பிரிவாக இருந்தாலும் அதன் மிகச் சலிப்பான மணி நேரம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பரபரப்பான மணி நேரம் எல்லோருக்கும்தான் பிடிக்கும்.

நான் ஆபரேஷன் தியேட்டர் எழுதினேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், பச்சை உடை எனக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது நாள், வயிற்றை மூடும் முன், ரத்தம் ஒற்றியெடுக்கும் காஸ் துணிகளை எண்ணினோம். ஒன்று குறைகிறது. மறுபடி எண்ணினோம், அதே எண். சர்ஜன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார், யாரும் பேசவில்லை. கடைசியில் அது என் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது! அன்றைக்குத்தான் புரிந்தது, தியேட்டர் நர்சிங்கில் பாதி எண்ணுவதுதான். எனக்கு எண்ணப் பிடிக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

எமர்ஜென்சியா? அங்கே ஓடுவதைவிட, யார் காத்திருக்கலாம் என்று முடிவெடுத்து, அவரிடம் திட்டு வாங்குவதுதான் அதிகம். லேபர் வார்டில் குழந்தை பிறந்த முதல் நிமிடமும் ஐந்தாவது நிமிடமும் ஆப்கார் மதிப்பெண் (குழந்தையின் மூச்சு, இதயத் துடிப்பு, நிறம் எல்லாம் பார்த்துப் போடுவது) போடுவீர்கள். ஆனால் அதற்கு முன் பல மணி நேரம் ஒரு பெண்ணின் முதுகைத் தேய்த்துவிட வேண்டியிருக்கும். மனநலப் பிரிவில் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், யாருமே எழுதாத பொது வார்டு. என்னைக் கேட்டால், வேலையில் சேரும் முன் கை பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரே காலையில் சர்க்கரை நோய்க்காரர், ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருப்பவர், மூச்சுத் திணறும் தாத்தா, எல்லோருக்கும் எட்டு மணி மருந்து. யாரிடம் முதலில் போவீர்கள்? தாத்தாவிடம்தானே? ஆனால் சர்க்கரைக்காரருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கிக்கொண்டிருந்தால்?

பதிலைக் கமெண்ட்டில் எழுதுங்கள், காரணத்தோடு. ஐசியு ஆட்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும், வாருங்கள். படிவம் கொடுக்கும் முன் அந்தப் பிரிவில் போஸ்டிங் முடித்த ஒரு சீனியரைப் பிடித்து, நைட் ஷிப்டில் மூன்று மணிக்கு என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.