ஒருமையில் பேசுதல்: ஆங்கிலம் தொலைத்த ஒரு வினைச்சொல்

[திரையில்: உணவகத்தில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவர்]

பிரெஞ்சுத் திரைப்படங்களில் அடிக்கடி வரும் காட்சி இது. சில நாள்களாகப் பழகிவரும் இருவரில் ஒருவர், சற்றுத் தயங்கி, "ஓன் ஸ துத்வா?" என்று கேட்கிறார், மற்றவர் புன்னகையுடன் தலையசைக்கிறார். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரியிலோ, "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடலாமே" என்பது போல ஏதோ ஒன்று வந்து போகிறது. பெயரைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. "இனி நாம் ஒருமையில் பேசிக்கொள்ளலாமா?" என்பதுதான் அவர் கேட்டது. தமிழில் இயல்பாகக் கேட்டுவிடக்கூடிய இந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் நேரான சொல் கிடையாது.

ஆங்கிலத்தில் நிகரில்லாத ஐரோப்பியச் சொற்கள் என்றதும் போர்ச்சுகீசிய மொழியின் சௌதாத் (இழந்ததை எண்ணும் ஏக்கம்), டேனிஷ் மொழியின் ஹூகே (இதமான நிறைவு) என்று உணர்ச்சிகளையும் மனநிலைகளையும் குறிக்கும் பெயர்களையே பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அவற்றையாவது நான்கு சொற்களில் விளக்கிவிடலாம். மொழிபெயர்ப்பவரை உண்மையிலேயே திணறடிப்பது அன்றாடம் புழங்கும் இந்த எளிய வினைச்சொல்தான் என்பேன். பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். முன்னதை வைத்துப் பேசுவது 'துத்வாயே', பின்னதை வைத்துப் பேசுவது 'வூவ்வாயே'. ஜெர்மன் மொழியில் இவையே 'டூட்சென்', 'சீட்சென்' ஆகின்றன. ஸ்பானியத்தில் ஒருமையில் பேசுவது 'துதேயார்'.

[திரையில்: கைகளைக் கோத்தபடி கோப்பைகளை உயர்த்தும் இருவர்]

ஜெர்மானியரிடம் இதற்கு ஒரு முறைமையே உண்டு. 'டூ' (நீ) என்று பேசிக்கொள்ளலாம் என்ற அழைப்பை, வயதில் மூத்தவர் இளையவருக்கும், பணியில் மேலவர் கீழவருக்கும் விடுப்பதே வழக்கம். இளையவர் முந்திக்கொண்டால் அது அதிகப்பிரசங்கித்தனமாகப்படும். அந்த அழைப்பை ஏற்ற இருவர், ஒருவர் கைக்குள் மற்றவர் கையைக் கோத்துக்கொண்டு, தத்தம் கோப்பையிலிருந்து அருந்தி அதை உறுதிசெய்யும் பழைய சடங்கும் இருக்கிறது. அதன்பின் ஒருவர் மீண்டும் 'சீ' (நீங்கள்) என்று பேசத் தொடங்கினால், உறவில் விரிசல் விழுந்துவிட்டது என்றே மற்றவர் எடுத்துக்கொள்வார்.

நம்மிடமும் நீ, நீர், நீங்கள் என்ற படிநிலைகள் இருப்பதால் இந்தச் சொற்கள் நமக்கு உடனே பிடிபடுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். "என்னை ஒருமையில் பேசிவிட்டான்" என்று தமிழில் ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் மனம் புண்பட்டுச் சொல்லும் புகார். 'துத்வாயே' அவமதிப்பையும் குறிக்கும், நட்புக்கான அழைப்பையும் குறிக்கும்.

[திரையில்: 1603, வின்செஸ்டர்]

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த வேறுபாடு இருந்தது. 'தௌ' என்பது நீ. இன்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட 'யூ', அன்று பன்மைக்கும் மரியாதைக்கும் உரியதாக இருந்தது. 'தௌ' என்பதையே வினைச்சொல்லாகவும் ஆண்டார்கள். 1603-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில், கடலோடியான வால்டர் ராலி மீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்டு கோக், "உன்னை நான் ஒருமையில்தான் அழைக்கிறேன், துரோகியே" என்று அந்த வினைச்சொல்லை ராலியின் முகத்துக்கு நேரே வீசினார். அதே நூற்றாண்டில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், கடவுளுக்கு முன் அனைவரும் சமம் என்ற நம்பிக்கையால், நீதிபதிகளையும் பிரபுக்களையும்கூட 'தௌ' என்றே அழைத்து, அதற்காக வசையும் அடியும் வாங்கினார்கள்.

காலப்போக்கில் ஊரெங்கும் 'யூ' பரவ, வட்டார வழக்குகள் சிலவற்றிலும் வழிபாட்டிலுமே 'தௌ' பெரும்பாலும் தங்கியது. நாம் இறைவனை 'நீ' என்று பாடுவதைப் போலவே, ஆங்கிலேயரும் தங்கள் கடவுளை நெருக்கத்தோடு 'தௌ' என்று அழைத்தார்கள். அந்தச் சொல் இப்போது பெரும்பாலும் வேத புத்தகத்திலேயே காதில் விழுவதால், அது மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்றே ஆங்கிலம் பேசுவோர் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று ஆங்கிலத்தில் இந்தச் செயலைக் குறிக்க வேண்டியிருக்கும்போது, எழுதுபவர்கள் பிரெஞ்சு 'துத்வாயே'யையே எடுத்தாளுகிறார்கள். ஆங்கில அகராதிகளிலும் அந்தக் கடன்சொல் இடம்பெற்றிருக்கிறது.